கலைக்கப்படாத ஒரு மேசை

கைவேலை ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது எது என்று கேட்டால், திறமை என்பார்கள் சிலர். பொறுமை என்பார்கள் வேறு சிலர். பணம் என்று சொல்வோரும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. முதலில் தேவைப்படுவது ஓர் இடம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாலும், மறுநாள் வந்து பார்க்கும்போது வைத்தது வைத்தபடியே இருக்கும் ஓர் இடம். அது இருந்தால் பொறுமை தானாக வரும். திறமையும் கொஞ்சம் பிந்தியாவது வந்து சேரும். அது இல்லாவிட்டால், இருக்கின்ற திறமையும் சாப்பாட்டு மேசையில் விரித்த விரிப்போடு சேர்ந்து மடிக்கப்பட்டுவிடும்.

இதை விளக்குவதற்கு நம் ஊர்களில் அதிகம் பேசப்படாத ஒரு கைவேலையை எடுத்துக்கொள்கிறேன். மேசை விளையாட்டுகளுக்கான சின்னஞ்சிறு மாதிரிகளுக்கு வர்ணம் தீட்டுவதே அந்தக் கைவேலை.

இதைக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கெரம் போலவும் சதுரங்கம் போலவும் மேசையில் வைத்து விளையாடப்படும் போர் விளையாட்டுகளும் கதை விளையாட்டுகளும் மேலைநாடுகளில் உள்ளன. அவற்றில் காய்களுக்குப் பதிலாக வீரர்கள், குதிரைகள், வண்டிகள், வீடுகள் ஆகியவற்றின் சிறு மாதிரிகள் பாவிக்கப்படுகின்றன. ஒரு மனித மாதிரியின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதாவது நமது பெருவிரலின் பாதிக்குச் சற்றுக் கூடுதல். அதன் கண் ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. இவை பெரும்பாலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி துண்டு துண்டாக வரும். வெட்டி எடுப்பதும், ஒட்டுவதும், வர்ணம் தீட்டுவதும் வாங்கியவரின் பொறுப்பு. விளையாடுவதை விட வர்ணம் தீட்டுவதற்காகவே இவற்றை வாங்குவோர் ஏராளம்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் பெண்பிள்ளைகளாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரை விஞ்ஞானப் புனைகதைகள் மூலம் பலர் அறிவோம். அவர் 1913 ஆம் ஆண்டு ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். பொம்மைப் போர்வீரர்களை வைத்து விளையாடுவதற்கான விதிகளைச் சொல்லும் நூல் அது. ஆண்பிள்ளைகளுக்கான விளையாட்டு இது என்றும், ஆண்பிள்ளைகளின் விளையாட்டுகளை விரும்புகின்ற, சற்றுக் கூடுதலான புத்தியுள்ள பெண்பிள்ளைகளுக்கும் ஏற்றது என்றும் பொருள்படும் நீண்டதொரு தலைப்பை அவர் அதற்கு வைத்தார். இதைப் பாராட்டாக எடுப்பதா, இல்லை கதவை அரைவாசி மட்டும் திறந்து வைத்ததாக எடுப்பதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். ஆனால் அந்தக் காலத்தில் இலண்டனில் பிரிட்டன்ஸ் என்ற நிறுவனம் தயாரித்த உலோகப் போர்வீரர்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வர்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். விளையாட்டு ஆண்களுடையது என்று சொல்லப்பட்டாலும், அதன் நிறம் பெண்களின் கையிலிருந்து வந்தது.

பின்னர் 1974 இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்ற கதை விளையாட்டு வெளியானது. 1975 இல் இங்கிலாந்தில் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் மூன்று இளைஞர்களால் ஆரம்பிக்கப்பட்டது. அது 1983 இல் வெளியிட்ட ‘வோஹாமர்’ இன்று உலகெங்கும் அறியப்பட்ட விளையாட்டு. அந்நிறுவனத்தின் தலைமையகம் இப்போது நொட்டிங்ஹாம் நகரில் இருக்கிறது.

அங்கிருந்து இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்றால், இங்கிலாந்தில் இருக்கும் மாமா ஒருமுறை ஊருக்கு வந்தபோது நானாவுக்கென்று ஒரு பெட்டி கொண்டு வந்தார். நானா இரண்டு வீரர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டார். மிச்சம் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடங்களாக நான் இந்த வேலையைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தையும் வாசித்து அறிந்தவற்றையும் வைத்தே இதனை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் என் இடம் சாப்பாட்டு மேசை. கடதாசி விரித்து, வர்ணப் போத்தல்களை அடுக்கி, தண்ணீர் எடுத்து, விளக்கைச் சரிசெய்து உட்காரக் கால் மணித்தியாலம் போய்விடும். இராச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எடுத்து வைக்க இன்னொரு கால் மணித்தியாலம். கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் அரைவாசி இப்படியே முடிந்துவிடும். இதில் உம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பேர் சாப்பிடும் மேசை சாப்பாட்டுக்குத்தான்.

இந்த வேலையின் இயல்பைப் பார்த்தால் இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். முதலில் அடிப்பூச்சு, பிறகு அடிப்படை நிறம், அதன்மேல் பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வர்ணம், கடைசியாக மேடுகளில் வெளிச்சம் காட்டும் இளநிறம். ஒவ்வொரு படியும் காய வேண்டும். இரசாயனவியல் படிக்கும் தோழிகளுக்கு இது எளிதாக விளங்கும். அக்ரிலிக் வர்ணத்தில் பல்பகுதியத் துணிக்கைகள் நீரில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகின்றன. அப்படிப் படலமானது மறுபடி நீரில் கரையாது. அதனால்தான் ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சை நம்பிக்கையோடு போட முடிகிறது. ஆனால் அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் தூரிகை பட்டால் படலம் கிழிந்து திட்டுத் திட்டாகிவிடும். ஆகவே இது ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் செய்யும் வேலையல்ல. இருபது நிமிடம் செய்வது, காய விடுவது, மறுபடி வருவது என்று நாட்கணக்கில் போகும் வேலை. அதாவது, படிக்கின்ற பிள்ளையின் நேரத்துக்கு மிகவும் பொருந்தும் வேலை. ஒரேயொரு நிபந்தனை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அடுக்கத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் எப்படி அமைய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது வெளிச்சம். பகலில் ஜன்னலோரம் போல நல்ல இடம் வேறில்லை. இரவில் விளக்கு வாங்கும்போது பெட்டியில் ‘டேலைட்’ என்றும் 6500 கெல்வின் என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் தீட்டிய வெள்ளை பகலில் வேறு நிறமாகத் தெரியும். சில பெட்டிகளில் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100 இற்கு ஒரு எண் போட்டிருப்பார்கள். 90 இற்கு மேல் என்றால் நல்லது. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் கையின் நிழலே நாம் தீட்டும் இடத்தில் விழும். இரண்டு விளக்குகளை இரண்டு பக்கமும் வைக்க முடிந்தால் நிழல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது உயரம். மாதிரியை மேசையில் வைத்துக் குனிந்து தீட்டினால் அரை மணித்தியாலத்தில் கழுத்து வலிக்கும். மாதிரியை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்து, இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் கை நடுங்காது. பிடிப்பதற்கென்று விற்கப்படும் கைப்பிடி தேவையே இல்லை. வெற்று மருந்துப் போத்தலின் மூடியில், சுவரில் படம் ஒட்டும் களியை வைத்து, மாதிரியை அதில் அழுத்தினால் போதும். தீட்டிய இடத்தில் விரலும் படாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, ஏறத்தாழ இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது செக்கன் பாருங்கள். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

மூன்றாவது ஈரத்தட்டு. நம் நாட்டு வெக்கையில், அதிலும் மின்விசிறிக்குக் கீழே, ஒரு துளி வர்ணம் சில நிமிடங்களில் தோல் பிடித்துவிடும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் நான்காக மடித்த குசினித் திசுவை வைத்து நன்றாக நனையுங்கள். அதன் மேல் கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்க் கடதாசியை வெட்டிப் போடுங்கள். வர்ணத்தை அந்தக் கடதாசியில் வைத்தால் கீழிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மூடி வைத்தால் அடுத்த நாளும் பாவிக்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திசுவை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும்.

நான்காவது தண்ணீர். இரண்டு யோகட் கோப்பைகள் வையுங்கள். ஒன்று தூரிகை கழுவ, மற்றது வர்ணத்தை ஐதாக்க. பொன், வெள்ளி போல மினுங்கும் வர்ணங்களுக்கு மூன்றாவது கோப்பை. அந்த மினுக்கத் துகள்கள் ஒருமுறை தண்ணீரில் கலந்துவிட்டால் மற்ற எல்லா நிறத்திலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது தூரிகை. சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் மயிரில் செய்யப்படும் கொலின்ஸ்கி தூரிகையை இத்துறையினர் புகழ்வார்கள். விலையும் அதற்கேற்றது. தொடங்குபவர்களுக்கு நைலோன் தூரிகை போதும். ஓவியக் கடைகளில் கிடைக்கும் சில தூரிகைகள் பன்றி மயிரில் செய்யப்படுபவை என்பதால் நம் வீடுகளில் கேட்டு வாங்குவது நல்லது. நைலோன் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எந்தத் தூரிகையானாலும், மயிரை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய் வரை வர்ணம் ஏறவிடக் கூடாது. ஏறினால் முனை விரிந்து அதன் ஆயுள் முடிந்துவிடும்.

ஆறாவது காற்றோட்டமும் பாதுகாப்பும். தெளிக்கும் அடிப்பூச்சை ஒருபோதும் அறைக்குள் பாவிக்கக் கூடாது. முற்றத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே தெளிக்க வேண்டும். மழைக் காலத்தில் காற்றில் ஈரம் கூடும்போது தெளித்தால் பூச்சு மணல் மணலாக நிற்கும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் அடிப்பூச்சே நம்பகமானது. கூரிய கத்தியை மூடியுள்ள தகர டின்னில் வைக்க வேண்டும். தம்பி தங்கைகள் உள்ள வீட்டில் அது கடமை என்றே சொல்வேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்தக் கைவேலை செய்வோர் பலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைப்பார்கள். இதே பழக்கம் ஒரு காலத்தில் இளம் பெண்களின் உயிரைக் குடித்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஒரெஞ்ச் என்ற நகரில் 1917 அளவில் ஒரு தொழிற்சாலை இயங்கியது. கடிகார எண்கள் இருட்டில் ஒளிரும்படி ரேடியம் கலந்த வர்ணத்தைத் தீட்டுவது அங்கு வேலை. வேலை செய்தவர்கள் இளம் பெண்கள்; சிலர் நம் வயதினர். எண்கள் மிகச் சிறியவை என்பதால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. அது கல்சியத்தைப் போல எலும்பில் சென்று தங்கியது. பற்கள் விழுந்தன; தாடை எலும்பு சிதைந்தது; பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண் 1927 இல் வழக்குத் தொடர்ந்தார். அவரோடு இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். 1928 இல் அந்த வழக்கு நட்டஈட்டுடன் சமரசமாக முடிந்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. அதே நிறுவனத்தில் ரேடியத்தைக் கையாண்ட இரசாயனவியலாளர்களுக்கு ஈயத் திரைகளும் முகமூடிகளும் இருந்தன. தூரிகை பிடித்த பெண்களுக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் மட்டுமே இருந்தன. யாருடைய வேலை உண்மையான வேலையாக மதிக்கப்படுகிறதோ, அவருக்குத்தான் சரியான இடமும் கிடைக்கிறது. நம் அக்ரிலிக் வர்ணங்களில் ரேடியம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நச்சற்றது என்று எழுதியிருப்பதற்குச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. சில நிறங்களில் கட்மியம், கோபால்ற்று போன்ற உலோகச் சேர்வைகள் இருக்கலாம். ஆகவே தூரிகை வாய்க்குப் போகக் கூடாது. ஈரச் சீலைத் துண்டொன்றில் உருட்டினால் அதே கூர் கிடைக்கும். தேநீர்க் கோப்பையை அந்த மேசையில் வைப்பதும் கூடாது.

முஸ்லிம் பெண்பிள்ளைகளாகிய நமக்கு இன்னொரு தேவையும் உண்டு. காய்ந்த அக்ரிலிக் ஒரு படலம் என்று மேலே சொன்னேன். அது விரலிலும் நகத்திலும் ஒட்டியிருந்தால் வுழூவின் தண்ணீர் தோலில் படாது. எனவே தொழுகைக்கு முன் அதை முழுமையாக அகற்ற வேண்டும். மெல்லிய கையுறை, அல்லது உடனே துடைக்க ஈரத்துணி, கொஞ்சம் சவர்க்காரம், பழைய பற்தூரிகை ஆகிய இவையும் இந்த வேலையிடத்தின் உபகரணங்களே. இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தால் அவசரமில்லாமல் வேலை செய்யலாம் என்பது என் அனுபவம்.

இனி, பெற்றோர் தரப்பிலிருந்து எழக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இது தேவையா என்பது முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். பரீட்சை நெருங்கும் மாதங்களில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மற்றக் காலத்தில் கிழமைக்கு இரண்டு இரவு, ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம் என்பது என் கணக்கு. ஆனால் ஒன்றைப் பணிவோடு கேட்க விரும்புகிறேன். கைபேசியில் கரையும் நேரத்தை நம் வீடுகளில் யாராவது இப்படிக் கணக்கெடுக்கிறார்களா? கைபேசி மேசையை அடைப்பதில்லை, மணப்பதில்லை, சத்தம் போடுவதுமில்லை. அதனால் அது எடுக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரிகை எடுக்கும் நேரம் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. முக்கால் மணித்தியாலம் ஒரே பொருளில் கண்ணையும் கையையும் வைத்திருக்கப் பழகிய பிள்ளைக்கு, ஒரு கணக்கோடு மல்லுக்கட்டி உட்கார்ந்திருப்பதும் சற்று இலகுவாகும் என்றே நான் உணர்கிறேன்.

செலவு இரண்டாவது கேள்வி. வெளிநாட்டுப் பெட்டிகள் விலை கூடியவை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவை இல்லாமலும் இதைப் பழகலாம். தீப்பெட்டி, சிரட்டை, ஐஸ்கிரீம் குச்சி, காய்ந்த கொப்பு, சலித்த மணல் ஆகியவற்றில் வீடும் மதிலும் மரமும் பாதையும் செய்யலாம். இத்துறையில் தேர்ந்தவர்களும் தங்கள் விளையாட்டுக் களங்களை இப்படிக் கிடைத்ததை வைத்துத்தான் கட்டுகிறார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், மண்ணிறம் என ஆறு போத்தல் இருந்தால் பெரும்பாலான நிறங்களைக் கலந்து பெறலாம்.

மூன்றாவது, மார்க்கம் சார்ந்த கேள்வி. உருவங்கள் தொடர்பாக மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஆயிஷா (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளை வைத்து விளையாடியமை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அதைக் கொண்டு சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கு இடமளிப்போரும் உண்டு, தவிர்த்துக்கொள்வோரும் உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒவ்வொரு வீடும் தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. ஆனால் இந்தக் கைவேலை மனித உருவத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதைச் சொல்லலாம். பாழடைந்த கோட்டை, துருப்பிடித்த வண்டி, பாசி பிடித்த கிணறு, வேர்விட்ட மதில் என்று உயிருருவம் எதுவுமில்லாத உலகம் ஒன்று அதில் இருக்கிறது. துருவின் செம்மையையும் பாசியின் பச்சையையும் சரியாகக் கொண்டுவருவது ஒரு முகத்தைத் தீட்டுவதை விடக் குறைந்த சவாலல்ல.

நான்காவது கேள்வியை யாரும் வாயால் கேட்பதில்லை. ஆனால் அதுவே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு எதற்குத் தனியாக ஓர் இடம் என்பதே அது.

எங்கள் வீட்டில் நானாவின் கணினி மேசையை யாரும் கலைப்பதில்லை. விருந்தாளிகள் வந்தாலும் அது அப்படியே இருக்கும். அந்த மேசை இருக்கும் ஜன்னலோரத்தில் முன்பு உம்மாவின் தையல் மெசின் இருந்ததாம். உம்மா நன்றாகத் தைப்பார். பெருநாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் உம்மாதான் தைத்துக்கொடுத்திருக்கிறார். கணினி வந்தபோது மெசின் பின் விறாந்தைக்குப் போனது. அங்கே வெளிச்சம் குறைவு. மழைக்குத் தூவானமும் அடிக்கும். சில வருடங்களில் அதன் மேல் இஸ்திரிகை போடாத உடுப்புகள் குவிந்தன. தைப்பதை விட்டுவிடச் சொல்லி உம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. உம்மாவும் விட்டுவிடுவதாகச் சொல்லவில்லை. இடம் போனது, அதன் பின்னால் வேலையும் போனது. அவ்வளவுதான்.

நம் வீடுகளில் பெண்களின் கைவேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. யாரும் தடுப்பதில்லை, ஏசுவதுமில்லை. ‘இதைக் கொஞ்சம் அங்கே வைக்கலாமா’ என்ற ஒரு கேள்வி போதுமாக இருக்கிறது. அதனால்தான் இடம் என்பதை ஒரு சிறிய விடயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்காக எல்லோர் வீட்டிலும் தனி அறை கேட்பது நடக்கக்கூடியதல்ல. இரண்டு அறையில் ஆறு பேர் வாழும் வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவிகள் பலர். அவர்களுக்காகவே இந்த யோசனை. இரண்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு பலகைத் தட்டு. பழைய அலுமாரியின் தட்டுப் பலகையாக இருந்தாலும் போதும். அதன் மூன்று பக்கமும் இரண்டு அங்குல உயரத்துக்குச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஈரத்தட்டு, கோப்பைகள், தூரிகைகள், போத்தல்கள், பாதி முடிந்த மாதிரி எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கட்டும். நேரம் முடிந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டு, தட்டை அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியிலோ அலுமாரியின் மேலோ வைத்துவிடலாம். எதையும் கலைக்கத் தேவையில்லை. அடுத்த முறை எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் வேலை ஆரம்பம். நான் இப்போது பாவிப்பது இத்தகைய தட்டு ஒன்றைத்தான். அதை வைக்கும் இடம் விறாந்தையிலிருந்து உள்ளே திரும்பி வந்த தையல் மெசினின் மேல். சில நாட்களில் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. காரணம், உம்மா தைத்துக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மகளின் கையில் இருப்பது தூரிகையாகவோ, ஊசியாகவோ, களிமண்ணாகவோ, மின்சுற்று ஒன்றாகவோ இருக்கலாம். அதற்கு விலையுயர்ந்த பொருள் வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடத்தை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டு, அவளைக் கேட்காமல் அதைக் கலைக்க வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அது நடக்கும்.

கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சித்திர அறையில் பூட்டக்கூடிய அலுமாரித் தட்டு ஒன்றை, முடியாத வேலைகளை மாணவிகள் வைத்துவிட்டுப் போவதற்கென்று ஒதுக்கித் தர முடியுமா? முடிந்த வேலைகளுக்குக் கண்காட்சி இருக்கிறது, பரிசளிப்பு விழா இருக்கிறது. முடியாத வேலைகளுக்கு இதுவரை ஓர் இடமில்லை. முடிந்த வேலைகள் எல்லாம் ஒரு காலத்தில் முடியாமல் இருந்தவைதானே.

தோழிகளே, இடம் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் விடுமுறையில் ஒரு பலகையைத் தேடி எடுங்கள். அதில் என்ன செய்வது என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.